குழந்தை தனியே வரும் குடில்: 16 சுரூபங்கள் கொண்ட ஒரு கிறிஸ்துமஸ் குடில் தொகுப்பைப் பற்றிய மதிப்புரை

கிறிஸ்துமஸ் குடிலுக்கான சுரூபத் தொகுப்பை வாங்குவோர் பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான் விசாரிக்கிறார்கள்: உருவங்கள் எத்தனை, உயரம் எவ்வளவு, கீழே விழுந்தால் உடையுமா. இவை நியாயமான கேள்விகள். அவற்றுக்கான விடையும் இந்த மதிப்புரையில் உண்டு. ஆனால் குடில் என்பது அலமாரியை அழகுபடுத்துவதற்கு மட்டுமான பொருள் அன்று. அதன் முன் அமர்ந்து செபிப்பதற்கும், கடவுள் மனிதரானார் என்னும் மறைபொருளைக் கண்முன் வைத்துத் தியானிப்பதற்கும்தான் திருச்சபை அதைத் தன் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறது. ஆகவே நற்செய்தி நூல்களில் லூக்காவும் மத்தேயுவும் எழுதிவைத்ததை ஒரு தொகுப்பு எடுத்துக்காட்டுகிறதா, அல்லது அழகு என்ற பெயரில் மூடி மறைக்கிறதா என்ற கேள்வியையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும் என்பது என் எண்ணம். சென்ற ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான திருவருகைக் காலத்தின் தொடக்கத்தில் வாங்கிய இந்தத் தொகுப்பை அந்த நோக்கிலேயே பார்க்கிறேன். தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஏறத்தாழ இதே அமைப்பில் பல நிறுவனங்கள் தொகுப்புகளை விற்கின்றன என்பதால், இங்கே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

பெட்டிக்குள் 16 சுரூபங்களும் மரப்பலகையால் செய்த ஒரு கொட்டகையும் உள்ளன. இவற்றோடு மின்கலத்தில் எரியும் சிறு விளக்கு, பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும் இசைப்பெட்டி, 24 நாள்களுக்கான தியானக் கையேடு ஆகியவையும் வருகின்றன. சுரூபங்கள் பாலிரெசின் என்னும் செயற்கைப் பிசினில் வார்க்கப்பட்டுக் கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. நிற்கும் உருவங்கள் ஏறத்தாழ 20 செ.மீ. உயரம் கொண்டவை. அடிப்பாகத்தில் துணி ஒட்டப்பட்டிருப்பதால் மேசையில் கீறல் விழுவதில்லை. வண்ணப்பூச்சு பொதுவாகச் சீராகவே இருக்கிறது. கண்களும் உதடுகளும் கோணாமல் தீட்டப்பட்டிருப்பது இந்த அளவுள்ள சுரூபங்களில் எப்போதும் கிடைக்கும் நேர்த்தி அன்று. கழுதையின் காதுகளும் ஆட்டுக்குட்டியின் கால்களும் மிக மெல்லியவை. முதலில் உடையப்போகும் இடங்கள் இவைதாம் என்று பார்த்தவுடனேயே தெரிகிறது. சிறுவர்கள் கைவைத்து விளையாடும் வீட்டில் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தத் தொகுப்பின் தலைசிறந்த அம்சம் பெட்டியின் மேலோ விளம்பரத்திலோ எங்கும் சொல்லப்படவில்லை. குழந்தை இயேசுவும் தீவனத் தொட்டியும் இதில் தனித்தனி வார்ப்புகள். பல தொகுப்புகளில் இவ்விரண்டும் ஒரே வார்ப்பாக, பிரிக்க முடியாதபடி இருக்கும். அத்தகைய தொகுப்பைத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று எடுத்து வைத்தால், நான்கு வாரம் காத்திருந்து கொண்டாட வேண்டிய பிறப்பு அன்றே நடந்து முடிந்துவிடுகிறது. இங்கே தொட்டியை வெறுமையாக வைக்க முடிகிறது. அப்படி வைத்துப் பார்க்கும்போதுதான் வார்ப்பை வடிவமைத்தவரின் உழைப்பும் கண்ணில் படுகிறது. குழந்தை மறைத்துவிடும் இடம்தானே என்று விட்டுவிடாமல், உட்புறத்திலும் வைக்கோலை இழை இழையாகச் செதுக்கி, நடுவில் சிறு பள்ளம் ஒன்றை அமைத்திருக்கிறார். தொட்டியின் மேல்விளிம்பு ஓரிடத்தில் மாடு நக்கி நக்கித் தேய்ந்ததுபோல் வழவழப்பாக வளைந்திருக்கிறது. தீவனம் உண்ணும் பாத்திரம் என்பதை மறந்து தொட்டியைத் தொட்டிலாக்கிவிடும் தொகுப்புகளே அதிகம். இவரோ அந்தப் பாத்திரத்தின் பழமையையும் அழுக்கையும் விட்டுவைத்திருக்கிறார்.

திருவருகைக் காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு முன்னோட்டம் மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு இந்த வெறும் தொட்டி ஒரு குறையாகத் தோன்றலாம். உரோமை வழிபாட்டு முறையில் நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்கும் இக்காலத்தில், டிசம்பர் 16 வரை வாசகங்களும் மன்றாட்டுகளும் ஆண்டவரின் இரண்டாம் வருகையை நோக்கியே பெரிதும் நம் மனத்தைத் திருப்புகின்றன. டிசம்பர் 17 முதல்தான் பெத்லகேம் பிறப்புக்கான நேரடி ஆயத்தம் தொடங்குகிறது. அதாவது, ஏற்கெனவே வந்தவரை நினைவுகூர்வதும் இனி வரப்போகிறவரை எதிர்நோக்குவதும் ஒரே காலத்துக்குள் அடங்கியுள்ளன. குழந்தை படுத்திருக்கும் குடில் முதலாவதை மட்டுமே காட்டும். வெறும் தொட்டியின் முன் செபிப்பது எளிதன்று. கண் நிலைகொள்ள ஓர் உருவத்தைத் தேடுகிறது, மனம் அடுத்த வேலைக்குத் தாவுகிறது, ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே நீண்ட நேரமாகிவிட்டதுபோல் இருக்கிறது. இந்தச் சலிப்பைத் தவிர்க்காமல் அதற்குள் இருந்து பார்ப்பதுதான் காத்திருத்தல் என்று இறைவாக்கினர்கள் சொல்லிவந்ததற்கு மிக அருகில் செல்லும் வழி என்று நான் கருதுகிறேன். இசையும் ஒளியும் பொருந்திய ஒரு பொருளிலிருந்து இத்தகைய பயனைத் தயாரிப்பாளர் எதிர்பார்த்திருக்க மாட்டார்; வார்ப்பு வசதிக்காகவே இரண்டையும் பிரித்திருக்கவும் கூடும். எப்படியாயினும் பயன் பயன்தான்.

வெறும் தொட்டிக்கு வரலாற்று ஆதரவும் உண்டு. குடில் வழக்கத்தின் தோற்றமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, 1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் நடத்திய கிறிஸ்து பிறப்புக் கொண்டாட்டம். அவருடைய வாழ்க்கையை முதலில் எழுதிய செலானோ நகர்த் தோமா அதை விரிவாக விவரித்திருக்கிறார். வைக்கோல் நிரப்பிய ஒரு தொட்டி, உயிருள்ள ஓர் எருது, ஒரு கழுதை, தீவட்டிகளோடு வந்த ஊர்மக்கள், தொட்டியின் மேல் நிறைவேற்றப்பட்ட, அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாக வழங்கும் திருப்பலி, திருத்தொண்டராக இருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி ஆற்றிய மறையுரை ஆகியவை அதில் வருகின்றன. மரியாவாகவோ யோசேப்பாகவோ யாரும் வேடமிட்டதாக அந்த விவரிப்பில் இல்லை. குழந்தையின் உருவம் ஒன்றைச் செய்து வைத்ததாகவும் இல்லை. அங்கிருந்தோரில் ஒருவர் மட்டும் தொட்டியில் அசைவற்றுக் கிடந்த ஒரு குழந்தையை, பிரான்சிஸ் அருகே சென்று உறக்கத்திலிருந்து எழுப்புவதுபோல் காட்சி கண்டாராம். மனிதரின் இதயங்களில் மறக்கப்பட்டுக் கிடந்த இயேசுவைப் பிரான்சிஸ் மீண்டும் எழுப்பினார் என்று தோமா இதற்குப் பொருள் கூறுகிறார். தொட்டியின் மேல் நடந்த திருப்பலியே அங்கே மையம். விலங்குகளின் உணவுக்கான இடத்தில் கிடத்தப்பட்டவர் அப்பமாகத் தம்மையே தருகிறார் என்ற தொடர்பை அந்த மலையூர் மக்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்பட்டிருக்காது.

இனி, குழந்தை. மற்றத் தொகுப்புகளில் பாதி ஆடையோடு இரு கைகளையும் விரித்துப் புன்னகைத்தபடி கிடக்கும் பாலனையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது சற்று வறண்டதாகத் தோன்றும். மார்பு வரை துணிப்பட்டைகளால் இறுகச் சுற்றப்பட்டு, ஒரு கை மட்டும் வெளியே தெரிய, கண்மூடிய நிலையில் வடித்திருக்கிறார்கள். தலையைச் சுற்றி ஒளிவட்டம் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான். இது லூக்கா எழுதியதற்கு நெருக்கமான உருவம். வானதூதர் இடையர்களுக்குக் கொடுத்த அடையாளம் துணிகளில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தை என்பதுதான். அந்த அடையாளத்தில் விண்மீனும் இல்லை, ஒளியும் இல்லை. கீழைத் திருச்சபைகளின் தொன்மையான பிறப்புத் திருவோவியங்களில் இந்தத் துணிப்பட்டைகள் அடக்கத் துணிபோலவும், தொட்டி கல்லறைப் பேழைபோலவும் தீட்டப்படுவது வழக்கம். பிறந்த அன்றே சிலுவைப் பாடுகளை நினைவூட்டும் அந்த மரபைத் தயாரிப்பாளர் அறிந்து செய்தாரா என்று தெரியாவிட்டாலும், சுரூபத்தை மேலிருந்து பார்க்கும்போது அந்த எண்ணம் வராமல் இருப்பதில்லை.

அடையாளம் எத்தனை சிறியது என்பதை உணர, லூக்கா அந்த அதிகாரத்தை யாருடைய பெயரோடு தொடங்குகிறார் என்று பார்க்க வேண்டும். உரோமைப் பேரரசர் அகுஸ்து சீசரின் கட்டளையோடுதான் கதை தொடங்குகிறது. சிறிய ஆசியாவில் (இன்றைய துருக்கியில்) கிடைத்த, கி.மு. 9-ஆம் ஆண்டைச் சேர்ந்த பிரியேனே கல்வெட்டு அகுஸ்துவை மீட்பர் என்று போற்றுகிறது. அவருடைய பிறந்த நாளை உலகுக்கு நற்செய்திகளின் தொடக்கம் என்கிறது. நற்செய்தி, மீட்பர், அமைதி ஆகியவை அரசவையின் மொழியாக இருந்த காலத்தில், வானதூதர் அதே மொழியை எடுத்துக்கொண்டு, இரவில் ஆட்டுக்கிடைக்குக் காவல் இருந்தவர்களிடம் சென்று, ஒரு தீவனத் தொட்டியைச் சுட்டிக்காட்டுகிறார். கணக்கெடுக்க ஆணையிடும் பேரரசரும், கணக்கில் எழுதப்படுவதற்காக ஊர்விட்டு ஊர் வந்து விடுதியில் இடம் கிடைக்காத தம்பதியரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். கிறிஸ்துமஸின் ஆன்மிகப் பொருள் இன்னது என்று பலவாறு சொல்லப்படுகிறது. குடும்ப அன்பு, கொடுத்தல், நம்பிக்கை என அவை எல்லாமே நல்லவை. ஆனால் கடவுள் எந்தப் பக்கம் வந்து பிறந்தார் என்பதை விட்டுவிட்டு அவற்றைப் பேசினால் சிறப்பு வாழ்த்து அட்டைதான் மிஞ்சும்.

இதனால்தான் தொகுப்போடு வரும் விளக்கை நான் குறையாகக் கருதுகிறேன். கொட்டகையின் பின்சுவரில் பொருத்தப்படும் அந்த விளக்கின் வெண்ணிற ஒளி நேரே தொட்டியின் மேல் விழுகிறது. மற்ற உருவங்கள் நிழலில் நிற்க, குழந்தை மட்டும் வெளுத்துப்போய், மேற்சொன்ன நுட்பமான செதுக்கல் எதுவும் தெரியாமல் ஆகிவிடுகிறது. லூக்காவின் விவரிப்பில் ஆண்டவரின் மாட்சி சுற்றிலும் ஒளிர்ந்தது வயல்வெளியில், இடையர்களைச் சுற்றித்தான். அவர்கள் ஊருக்குள் சென்று கண்டுபிடித்த இடத்தில் எந்த ஒளியும் குறிப்பிடப்படவில்லை. பெரிய வெளிச்சத்தைக் கண்டவர்கள் அதை விட்டுவிட்டு, வெளிச்சமே இல்லாத ஓரிடத்துக்கு விரைந்து சென்று அங்கே மீட்பரைக் கண்டார்கள் என்பது அந்தப் பகுதியின் மிக வியப்பான திருப்பம். அதை இந்த விளக்கு ஒரு நொடியில் தலைகீழாக்கிவிடுகிறது. விளக்கைக் கழற்றி வானதூதரின் பின்னால் வைத்துப் பார்த்தேன். ஒளி, தேடி வந்த இடையர்களின் பக்கம் இருப்பதும், தொட்டி அரை இருளில் இருப்பதும் மிகப் பொருத்தமாக அமைந்தன. கம்பி அதற்குப் போதுமான நீளம் உள்ளதுதான். இசைப்பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஒரே மெட்டு, கீச்சுக்குரல், ஒலியளவைக் குறைக்க வழியில்லை. மின்கலத்தை எடுத்துவிடுவது நல்லது.

மரியாவின் சுரூபம் அழகானது. அழகு சற்று மிகுதியாகிவிட்டது என்பதே குறை. நீல மேலாடையின் ஓரத்தில் பொன்வண்ணக் கோடு, கூப்பிய கைகள், சுருக்கமோ களைப்போ இல்லாத முகம், முழந்தாளிட்ட நிலை. முழந்தாளிட்டுத் தன் பிள்ளையை ஆராதிக்கும் மரியாவின் உருவம் மேற்கில் பரவியது 14-ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா பெத்லகேமில் கண்ட காட்சியைத் தொடர்ந்துதான். அதற்கு முந்தைய ஓவியங்களில் பேறு முடிந்த தாயாக அவர் படுத்திருப்பதே வழக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. முன்னது இந்தப் பிள்ளை யார் என்பதைச் சொல்கிறது; பின்னது இந்தப் பிறப்பு மெய்யான பிறப்பு என்பதைச் சொல்கிறது. தயாரிப்பாளர் முன்னதைத் தேர்ந்ததில் தவறில்லை. ஆனால் நெடும்பயணம் செய்து, அந்நிய இடத்தில் பெற்றெடுத்த ஓர் இளம்பெண்ணின் முகத்தில் அதன் சுவடு ஒன்றையாவது விட்டிருக்கலாம்.

யோசேப்புதான் இந்தத் தொகுப்பின் உண்மையான கலைப்படைப்பு. இடக்கையில் ஒரு கூண்டு விளக்கு. வலக்கை காற்றுப் படாமல் அதன் பக்கவாட்டை மறைத்தபடி வளைந்திருக்கிறது. கைவிரல் கணுக்கள் தச்சருக்குரிய தடிமனோடு செதுக்கப்பட்டுள்ளன. கட்டைவிரல் நகத்தின் ஓரம்கூடத் தேய்ந்து காணப்படுகிறது. அவர் பார்வை குழந்தையின் மேல் இல்லை. தலையைச் சற்றுத் திருப்பி வாயிற்புறம் பார்க்கிறார். நற்செய்தி நூல்களில் யோசேப்பு பேசியதாக ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. கனவில் சொல்லப்பட்டதைக் கேட்கிறார், எழுகிறார், செய்கிறார். குழந்தையைக் கொல்லத் தேடிய அரசன் ஏரோதின் வாள் வருமுன் இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் எகிப்துக்கு அழைத்துச் செல்லப்போகிறவரின் விழிப்பு அந்தத் தலைத்திருப்பத்தில் இருக்கிறது. எல்லோரும் குழந்தையையே பார்க்கும் குடிலில் ஒருவர் மட்டும் கதவைப் பார்ப்பது முதலில் முறையற்றதாகப்படும். கொஞ்ச நேரம் அமர்ந்து பார்த்தால், மற்றவர்கள் நிம்மதியாக ஆராதிக்க முடிவது அவர் காவல் நிற்பதால்தான் என்று தோன்றும். பிறருக்குச் சோறாக்கியும், நோயாளிக்கு அருகே கண்விழித்தும், திருவிழா நாளில் பணிக்குச் சென்றும், செபிக்க நேரமில்லையே என்று வருந்துவோர் இந்தச் சுரூபத்தின் பக்கத்தில் தங்களுக்கு ஓர் இடம் இருப்பதைக் காணலாம்.

எருதும் கழுதையும் நற்செய்தியில் இல்லை. எருது தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் தலைவன் தீனிபோடும் இடத்தை அறியும், என் மக்களோ அறியவில்லை என்னும் பொருளில் பழைய ஏற்பாட்டின் எசாயா நூலின் முதல் அதிகாரத்தில் வரும் குற்றச்சாட்டிலிருந்துதான் அவை குடிலுக்குள் நுழைந்தன. நான்காம் நூற்றாண்டுக் கல்லறைப் பேழைகளிலேயே குழந்தைக்கு இருபுறமும் அவற்றைக் காணலாம். இந்தப் பின்னணி தெரிந்தால் அவை வெறும் பண்ணைவிலங்குகளாக நிற்பதில்லை. இத்தொகுப்பில் எருது தொட்டிக்குள் மூச்சுவிடுமளவுக்குத் தலையைத் தாழ்த்தியிருப்பது நன்றாக இருக்கிறது. இடையர்கள் இருவர், ஒருவர் முதியவர், மற்றவர் தோளில் குட்டி சுமந்த சிறுவன். இருவரின் ஆடையும், கிழக்கிலிருந்து காணிக்கையோடு வந்த ஞானிகளின் ஆடையைவிட அரைகுறையாக வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது. செலவைக் குறைக்க வேண்டிய இடம் இடையர்கள்தாம் என்று யாரோ முடிவு செய்ததை நினைத்துச் சிரிக்கத்தான் வேண்டும்.

ஞானிகள் மூவரும் மிகப் பகட்டானவர்கள். முடி, பொற்பெட்டி, ஒட்டகம் என்று தொகுப்பின் பளபளப்பு முழுவதும் இவர்களிடமே சேர்ந்துள்ளது. மத்தேயு இவர்களின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. அரசர் என்றும் சொல்லவில்லை. மூன்று காணிக்கைகளிலிருந்து மூவர் என்ற கணக்கும், எசாயா 60-ஆம் அதிகாரத்திலிருந்து ஒட்டகமும் வந்தன. அவர்கள் குழந்தையைக் கண்டது ஒரு வீட்டில் என்றே மத்தேயு எழுதுகிறார். ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தில் உள்ளதுபோல் முதல் நாளே இவர்களைத் தொட்டியருகே மண்டியிடச் செய்வதைவிட, அறையின் மறுகோடியில் வைத்து, நாளுக்கு நாள் சற்றே நகர்த்தி, சனவரி 6-ஆம் நாள், அவர்களின் வருகையைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாவன்று குடிலுக்குக் கொண்டுவருவது நல்லது. தனித்தனி அடிப்பீடம் இருப்பதால் இதற்கு வசதி உண்டு. தொலைவிலிருந்து, வேற்று நாட்டிலிருந்து, வேற்று அறிவு மரபிலிருந்து தேடி வந்தவர்கள் தாமதமாக வந்து சேர்வதில் பொருள் இருக்கிறது.

கொட்டகையின் கூரை ஓரங்களில் வெள்ளைப் பஞ்சுபோன்ற பூச்சு ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள், பனியாம். நற்செய்தியில் மாதமும் இல்லை, பருவமும் இல்லை. டிசம்பர் 25-இல் உரோமையில் இவ்விழா நிலைபெற்றிருந்ததற்கான மிகத் தெளிவான பழைய சான்று 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் உரோமைப் பஞ்சாங்கத் தொகுப்பில் கிடைக்கிறது. அர்மேனியத் திருச்சபை இன்றும் சனவரி 6-இல் பிறப்பைக் கொண்டாடுகிறது. வட நாடுகளில் இரவு நீண்டு பகல் மீளத் தொடங்கும் நாள்களில் இவ்விழா அமைந்தது இருளில் ஒளிர்ந்த ஒளி என்னும் யோவான் நற்செய்தியின் சொல்லுக்கு இயற்கையே துணைநிற்பதுபோல் ஆயிற்று. அதே நாளில் தென்கோளத்தில் கோடை உச்சத்தில் இருக்கிறது. அங்கும் பிறப்பு பிறப்புதான். ஒளியின் பொருளுக்குப் பனி தேவையில்லை. பூச்சை ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட முடிகிறது என்பது நல்ல செய்தி.

கொட்டகையைப் பற்றி வேறு ஒரு குறையையும் சிலர் சொல்லக்கூடும். முன்கூரை மிகத் தாழ்ந்து இறங்குவதால், நின்றபடி பார்ப்பவருக்குத் தொட்டி தெரிவதில்லை. உயரமான அலமாரியில் வைத்தால் வானதூதரின் காலும் கூரையும்தான் காட்சி. என் கணிப்பில் இது குறையன்று. தரையிலோ தாழ்ந்த முக்காலியிலோ வைத்து, எதிரே அமர்ந்து, தலையைச் சற்றுக் குனிந்தால்தான் குழந்தை தெரிகிறது. பெத்லகேம் பிறப்புக் கோவிலின் நுழைவாயில் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரமே உள்ளது. பழைய பெரிய வாயிலைக் கல்வைத்து அடைத்துக் குறுக்கியதால் உருவான அதன் வழியே யாராயினும் குனிந்துதான் உள்ளே செல்ல வேண்டும். அங்கே பிறப்பின் இடமாகக் காட்டப்படுவது மரக்கொட்டகை அன்று, குகை. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் புனித யுஸ்தினும் குகை என்றே எழுதியிருக்கிறார். கொட்டகைக்குப் பதில் குகை வடிவில் இத்தொகுப்பு வந்தால் வாங்குவேன்.

தியானக் கையேடு ஏமாற்றம். டிசம்பர் முதல் நாளிலிருந்து 24 நாள் என்று வகுத்திருக்கிறார்கள். திருவருகைக் காலமோ ஆண்டுக்கு ஆண்டு 22 முதல் 28 நாள் வரை மாறும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் வாரத்திலேயே பிறப்பைச் சொல்லி முடித்துவிட்டு, மீதி நாள்களுக்கு நன்றியுணர்வு, மனநிறைவு, நேர்மறை எண்ணம் என்று பொதுவான அறிவுரைகளை நிரப்பியிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அகுஸ்து சீசர் இல்லை, ஏரோது இல்லை, எகிப்துக்கு ஓடியது இல்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாளே கிறிஸ்துவுக்காக உயிர்நீத்த முதல் மறைச்சாட்சியான ஸ்தேவானையும், டிசம்பர் 28-இல் ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளையும் வழிபாட்டு ஆண்டு நம் முன் நிறுத்துகிறது. கையேடு 24-ஆம் தேதியோடு நின்றுவிடுவதால் அவர்களைப் பற்றிப் பேசத் தேவையே அதற்கு ஏற்படவில்லை. அன்றன்றைய திருப்பலி வாசகங்களைத் திறந்து வைத்துக்கொண்டு குடிலின் முன் அமர்வது இதைவிட எத்தனையோ மேல்.

பத்திரப்படுத்துவதில் சிக்கல் இல்லை. தெர்மாகோல் அச்சில் ஒவ்வொரு சுரூபத்துக்கும் தனிக்குழி உண்டு. கழுதையின் காதுக்கு மட்டும் சிறிது பஞ்சு வைத்து மூடுவது நல்லது. ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு கிறிஸ்து பிறப்புக் காலம் நிறைவடைகிறது என்பதால் அதுவரையேனும் குடிலை எடுக்காமல் வைத்திருக்கலாம். சில இடங்களில் பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவரைக் கோவிலில் அர்ப்பணித்த விழா வரையும் வைப்பதுண்டு. உடைந்த சுரூபத்துக்கு மாற்று தனியே கிடைக்குமா என்று விற்பனையாளரிடம் கேட்டேன். தொகுப்பாக மட்டுமே விற்கிறார்களாம்.

குழந்தை, தொட்டி, யோசேப்பு ஆகிய மூன்றுக்காகவே இதை வாங்கலாம் என்பது என் முடிவு. விளக்கையும் இசையையும் கையேட்டையும் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். இதே வடிவமைப்பில் சிறிய அளவுத் தொகுப்பு ஒன்றும் விற்பனையில் உள்ளது. அதில் குழந்தையைத் தொட்டியோடு சேர்த்து ஒரே வார்ப்பாக்கிவிட்டார்கள், படத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரிவதில்லை. வாங்குமுன் உள்ளடக்கப் பட்டியலில் இரண்டும் தனித்தனியே எண்ணப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.